லம்துவனின் நான்காவது சக்கரம்

எங்கள் சந்தில் தூசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், படுத்துக் கிடக்கும் நாய்கூட லம்துவனின் கடைப் பக்கம்தான் முகத்தைத் திருப்பும். புவாயாய் ரயில்வே கேட்டைத் தாண்டி, கோராட் போகும் சாலையில் இடது பக்கம் இறங்கினால் எங்கள் சந்து. ஒரு பக்கம் லம்துவன் பழைய அலாய் வீல்களைப் புதிதாக்கிக் கொடுக்கிறாள். நேர் எதிரே நான் கோழி சுடுகிறேன். அவள் சக்கரத்தைத் தேய்த்தால் அலுமினியப் பொடி கிளம்பி, அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் என் கோழியின் மேல் வந்து உட்காரும். எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் என்றால் அன்று அவள் கடைக்கு லீவு.

"அக்கா, கோழி மேல என்னமோ மினுமினுக்குதுன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"வெள்ளி முலாம்னு சொல்லுடி பியன். அதுக்குத் தனியா வாங்கிக்க."

இதுதான் லம்துவன். ஐம்பதைத் தொடப்போகிறாள். தலையில் கட்டம் போட்ட துண்டு, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. அந்த முகமூடிக்கு உள்ளே உதட்டுச் சாயம் பூசியிருப்பாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். முகமூடி பார்க்கும் என்றாள்.

பிக்கப் வண்டி இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. கரும்பு ஏற்றுவதும் அதில்தான், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதும் அதில்தான், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் ஏற்றுவதும் அதில்தான். வண்டி வாங்கியவனுக்கு அடுத்த ஆசை அலாய் வீல். புதிதாக வாங்க வக்கில்லாதவன் பழைய இரும்புக் கடையில் யாரோ கழற்றிப் போட்டதை வாங்குவான். அது குஷ்டம் பிடித்த மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு லம்துவனிடம் வருவான். விளிம்பு நெளிந்திருந்தால் சூடு காட்டி, ஜாக்கி வைத்து நெம்புவாள். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி, கடைந்து எடுப்பாள். பழைய பெயின்டைக் கரைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைஸ் தாள் வரை போவாள். கடைசியாக மெஷினில் வைத்து மெருகு ஏற்றினால், அந்தச் சக்கரத்தில் பார்த்துப் புருவம் வரைந்துகொள்ளலாம். நான் வரைந்திருக்கிறேன்.

கடையைத் தொடங்கியது அவள் புருஷன் புன்மா. தொடங்கியது என்றால், நாற்காலி போட்டு உட்கார்ந்து வந்தவர்களிடம் பேசியது. வேலை முழுக்க இவள். பிறகு அவன் இன்சூரன்ஸ் விற்க வந்த ஒருத்தியிடம் ஆயுள் பாலிசி எடுத்தான், அப்படியே அவளோடு சையாபூம் போய்விட்டான். போகும்போது நல்ல வண்டியை அவன் எடுத்துக்கொண்டான். கிழட்டு வண்டியை இவளுக்கு விட்டான். "ஊருக்கெல்லாம் சக்கரம் தேய்க்கிற, உன் வண்டிய ஒருநாள் திரும்பிப் பாத்தியா, மாட்டு வண்டி தேவல," என்று ஒரு சொல்லையும் விட்டுவிட்டுப் போனான். மகள் பைலின் படிப்புக்காக அப்பா ஊருக்குப் போனவள், அங்கேயே ஒரு சர்க்கரை ஆலையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்துவிட்டாள். மாதம் ஒருமுறை வந்து அம்மாவோடு தங்கிவிட்டுப் போவாள்.

அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். லம்துவனின் சொந்த வண்டிக்கு நாலும் இரும்புச் சக்கரம், நாலும் துரு. அடுத்தவன் சக்கரத்துக்கே நேரம் போதவில்லை, இதில் எனக்கெங்கே என்பாள்.

கல்யாணச் செய்தி போன வருடம் வந்தது. லம்துவன் போனில் பேசுகிற விதம் எங்கள் சந்துக்கே தெரியும். போனை வேலைப் பலகையில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கையில் கிரைண்டரோடு பேசுவாள். அவள் குடும்ப விஷயம் எதுவானாலும் எனக்கும், பக்கத்தில் சவப்பெட்டி விற்கும் ஹெங் அண்ணனுக்கும் அவளோடு சேர்ந்தே தெரிந்துவிடும். அன்றைக்குப் பைலின் சொன்னது இது.

"கல்யாணம் அப்பா வீட்லதாம்மா. இங்கதான் எடம் இருக்கு. நீ முன்னாடியே வந்துரு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அந்த வண்டியில மட்டும் வராதம்மா. நான் வேன் அனுப்பி..."

லம்துவன் கிரைண்டரை ஆன் செய்தாள். பொறி பறந்தது. கீழே போன் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று ஒருவர் காதிலும் விழவில்லை. அவள் அந்த விளிம்பைத் தேய்த்து முடித்து நிமிர்ந்தபோது போன் ஓய்ந்திருந்தது.

"கேட்டியாடி?" என்றாள் என்னிடம்.

"பாதி கேட்டேன்."

"என் வண்டியப் பாத்தா அவளுக்கு வெக்கமா இருக்காம். அந்த இன்சூரன்ஸ்காரி வீட்டு வாசல்ல என் வண்டி நின்னா மானம் போயிருமாம். பத்து மாசம் சொமந்தவ வேன்ல வரணுமாம், வாடகைக்கு வந்த சமையக்காரி மாதிரி."

"அவ அப்படிச் சொல்லலியேக்கா."

"வேற எப்படிச் சொல்லுவா? நாக்க வெட்டிக் கையில குடுக்கணுமா?"

அதன் பிறகு பைலின் கூப்பிட்டால் போன் அடித்து அடித்து ஓயும், எடுக்க மாட்டாள். ரோஷம். புருஷன் சொன்னதைத் தாங்கியவள், மகள் சொன்னதைத் தாங்கவில்லை. ஒரே முடிவாக இருந்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் போவேன், அந்த வண்டியில்தான் போவேன், வாசலில் நிறுத்தி இறங்கும்போது என் மகள் இது எங்கம்மா வண்டி என்று நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். இதை என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று நான் எண்ணவில்லை, எனக்குக் கோழி கருகிக்கொண்டிருந்தது.

பழைய சாமான் யார்டுக்குப் போய், ஆறு துளை உள்ள நாலு அலாய் வீல்கள் எடுத்து வந்தாள். நாலும் ஒரே ஜாதி, ஒரே அச்சு. அதற்காகவே பாதி யார்டைப் புரட்டியிருக்கிறாள். நாலும் கன்றாவி. ஒன்றில் பொன் நிறம், அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே நீலம். எவனோ ஒருவன் ரசனையில்லாதவன் விற்க, அவனைவிட ரசனையில்லாதவன் வாங்கிப் பூசியிருக்கிறான். வெளியார் வேலையை முடித்துவிட்டு, மீதி நேரத்தில் சொந்த வேலை. முதல் மூன்று சக்கரமும் முடிந்தபோது அவற்றை வாசலில் சாய்த்து வைத்தாள். ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, அதில் தன் பல் இடுக்கைப் பார்த்துக்கொண்டு போனான். நாலாவதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பெயின்ட் ரிமூவரைத் தடவி விட்டிருந்தாள். பெயின்ட் கொப்பளித்து வந்தது. அவள் சுரண்டச் சுரண்ட, ஒரு ஆரக்காலின் மேல் கையால் அடித்துப் பதித்த எண் ஒன்று தெரிந்தது. எவனோ அடையாளத்துக்குக் குத்தியிருப்பான். அந்த நேரத்தில் நான் அவளுக்குச் சோறு கொண்டுபோய் இந்தப் பக்கம் நின்றேன். ஹெங் அண்ணன் ஸ்பேனர் கேட்டு வந்து அந்தப் பக்கம் நின்றார். சக்கரம் நடுவில் தரையில் படுத்திருந்தது. நான் எண்ணைப் பார்த்தேன். ஹெங் அண்ணனும் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஒன்றும் பேசவில்லை. லாட்டரிக்கு நம்பர் கிடைத்தவன் வாயைத் திறக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

நான் பார்த்தது 86. அடுத்து வந்த குலுக்கலுக்கு 86 என்று முடிகிற லாட்டரிச் சீட்டாகத் தேடித் தேடி வாங்கினேன். குலுக்கல் அன்று மாலை ரேடியோவில் கடைசி இரண்டு எண் 98 என்றார்கள். சவப்பெட்டிக் கடைக்குள்ளிருந்து ஹெங் அண்ணன் போட்ட சத்தத்தில், உள்ளே சாம்பிளுக்குப் படுக்க வைத்திருந்த பெட்டியே மூடி திறந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் 86 என்பது 98. இந்தப் பக்கம் நின்றது என் தப்பா? சோத்துத் தட்டோடு யாராவது சுற்றிப் போய் நிற்பார்களா? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அடிவயிறு எரிகிறது. அந்த மனுஷன் ஜெயித்த கையோடு என்னிடமே வந்து இரண்டு முழுக் கோழி வாங்கினார்.

"பியன், ஒனக்கும் தெரிஞ்சுதுல்ல?"

"எனக்குத் தெரிஞ்சது வேற."

"அட, நீ கால் பக்கம் நின்னுட்டியா?"

இந்தக் கேள்வி போதும், சந்து இரண்டாகிவிட்டது. அடுத்த குலுக்கலுக்கும் சக்கரம் எண் கொடுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சக்கரத்துக்கு எது தலை, எது கால் என்பதில்தான் சண்டை. காற்று அடிக்கும் ஓட்டைதான் வாய், வாய் மேலேதான் இருக்கும் என்றார் ஹெங் அண்ணன். அது வாய் இல்லை, மூத்திரம் போகிற ஓட்டை, கீழேதான் இருக்கும் என்றது எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் சேர்ந்து சக்கரத்தின் மேல் பவுடரைக் கொட்டித் தேய்த்துத் தேய்த்து, கீறல்களில் புது எண் தேடியது. லம்துவன் உப்புத்தாள் போட்ட கீறல் அத்தனையும் தெய்வ வாக்காகிவிட்டது.

பக்கத்து ஊர்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். ஊதுபத்தி வைத்தார்கள். ஸ்ட்ரா போட்ட சிவப்புக் கலர் பாட்டில்களைப் படையலாக வரிசையில் வைத்தார்கள். மூன்று நிறத் துணி கட்டினார்கள். தங்கத் தாள் ஒட்டினார்கள். தெய்வம் தரையில் கிடக்கக் கூடாது என்று ஹெங் அண்ணன் நல்ல தேக்குப் பலகையில் ஒரு மேடை அடித்து, சக்கரத்தைத் தூக்கி அதில் நிறுத்தினார். எதற்காக வாங்கி வைத்திருந்த பலகை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கோவில் பிக்கு ஒருவர் இந்த மூடத்தனத்தைக் கண்டிக்க வந்தார். கண்டித்தார். கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையை இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

லம்துவனுக்கு இதில் ஒரு பைசா நம்பிக்கை கிடையாது. "மேல கீழ தெரியாத சாமியக் கும்புடுறீங்களே, ஒங்களுக்கு வாக்கு எப்படி நேரா வரும்?" என்று கேட்பாள். அவளுக்கு வேண்டியது அந்தச் சக்கரம். எண்ணைப் பட்டி வைத்து அடைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், பிரைமர், பெயின்ட், மேலே பளபளப்புக்கு லாக்கர், எல்லாம் பாக்கி. கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அடுத்த குலுக்கலோ அதற்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை. குலுக்கல் முடியும்வரை சக்கரத்தில் கை வைக்க ஒருவரும் விடவில்லை.

"நம்பர அழிச்சா ஒன் கையே அழுகிப் போயிரும் லம்துவன்," என்றார் ஹெங் அண்ணன்.

"தின்னர்ல ஊறுன கை அண்ணே இது. இதுல புழுகூட வராது. எறக்குங்க."

"செவ்வாக்கெழம சாயந்தரம் ஒனக்கில்லாததா? நானே கொண்டுவந்து மாட்டித் தாரேன்."

"செவ்வாக்கெழம எம்பொண்ணு புருஷனோட சந்தைக்குப் போய்க்கிட்டு இருப்பா."

ஒருநாள் உச்சி வெயிலில், எல்லாரும் தூங்குகிற நேரம் பார்த்துத் தன் சக்கரத்தைத் தானே திருடப் போனாள். மேடைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த இரண்டு கிழவிகள் விழித்துக்கொண்டு அவளை விரட்டிவிட்டார்கள். வெளியூர்க்காரிகள். இவள் கடை, இவள் சக்கரம், இவளுக்கே உள்ளே வர அனுமதியில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மூன்று அலாய் வீல்களை வண்டியில் மாட்டினாள். நாலாவது இடத்தில் பழைய இரும்புச் சக்கரம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பட்டுச் சேலை கட்டி ஒரு காலில் மட்டும் ரப்பர் செருப்பு போட்ட மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதாள். கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. இத்தனை வருடத்தில் புன்மா போன அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"எனக்கு லாட்டரி வேணாம்டி பியன். அவன் முன்னாடி பவுசு காட்டவும் வேணாம். எம்பொண்ணு என்னப் பாத்துத் தலகுனியக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன். அதுக்கு ஒரு சக்கரம் தர மாட்டேங்குறீங்களே எல்லாரும்."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. தூசிக்காக எத்தனையோ முறை அவளைச் சபித்திருக்கிறேன், ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. நேரே மேடைக்குப் போனேன். கூட்டம் பவுடர் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்ன, புது நம்பர் கெடச்சுதா?" என்றேன்.

கிடைக்கவில்லை. பத்துப் பேர் பத்து எண் சொன்னார்கள்.

"எப்படிக் கெடைக்கும்? அது என்ன மரமா, நின்ன எடத்துல வாக்குக் குடுக்க? சக்கரம்யா. சக்கரத்துக்கு ஓடுறதுதான் தபசு. அத மேடையில கட்டிப் போட்டுட்டு வாயத் தொற, வாயத் தொறன்னா எப்படித் தொறக்கும்? ஓட விடுங்க. ஓடி எங்க போய் நிக்குதோ அங்க எது மேல இருக்கோ, அதுதான் நம்பர்."

இது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் சொல்லி முடித்தபோது நானே நம்பிவிட்டேன். தலையா காலா என்கிற வழக்கு ஒரே அடியில் தீர்கிறதல்லவா. ஹெங் அண்ணன் வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் அடிக்கக் கூடாது," என்றார்.

"அடிக்கல," என்றாள் லம்துவன், கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு.

"தங்கத் தாள உரிக்கக் கூடாது."

"உரிக்கல."

"நானும் வருவேன். நிக்கிறப்ப நான் கண்ணால பாக்கணும்."

அவர் வந்தால் நாங்கள் வராமல் இருப்போமா? அவர் மட்டும் பார்த்து இன்னொரு தடவை என்னை ஏமாளியாக்கவா? அன்றிரவே நாலாவது சக்கரம் டயரோடு வண்டியில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லம்துவனின் வண்டிப் பின்பக்கம் நிரம்பி வழிந்தது. இடம் போதாமல் ஹெங் அண்ணனின் வண்டியும் கிளம்பியது. அதன் இரண்டு பக்கமும் 'சவப்பெட்டி, வீடு தேடி வரும்' என்று எழுதியிருக்கும். கல்யாண வீட்டுக்கு அப்படியே போக முடியுமா என்று வாழை இலையைக் கட்டி மறைத்தோம். கட்டியது நான். நன்றாகத்தான் கட்டினேன்.

லம்துவன் பச்சைப் பட்டுப் பாவாடை கட்டி, முகமூடி இல்லாமல் உதட்டுச் சாயத்தோடு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி, அப்புறம் வண்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் மொத்தமாக முன்னால் வந்து கண்ணாடியில் ஒட்டினார்கள்.

"மூணு தடவ மிதிச்சாத்தான் அதுக்கு ஒறைக்கும்," என்றாள் லம்துவன். வண்டி முழுக்கச் சக்கரத்தைப் பற்றியே பேச்சாக இருந்ததால் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சையாபூமில் புன்மாவின் வீட்டுத் தெருவுக்குள் நாங்கள் திரும்பிய அதே நேரம், எதிர்ப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தப்பட்டை, வாழைக்கன்று, கரும்பு, தட்டுத் தட்டாகச் சீர், ஆட்டம். எங்கள் வண்டி புன்மா வீட்டு வாசலைக் கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நின்றது. மூன்றாவது மிதி. நின்றதுதான் தாமதம், பின்னாலிருந்து அத்தனை பேரும் குதித்து நாலாவது சக்கரத்தைச் சுற்றிக் குனிந்தார்கள். ஊதுபத்தி எரிந்தது. பவுடர் பறந்தது. பின்னால் வந்த ஹெங் அண்ணனின் வண்டியில், வழியில் அடித்த காற்றுக்கு ஒரு வாழை இலைகூட மிச்சமில்லை. சவப்பெட்டி வீடு தேடி வந்துவிட்டதைப் படித்துக் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

புன்மா பட்டுச் சட்டையோடு வெளியே ஓடி வந்தான். தொப்பை வைத்துவிட்டான். "லம்துவன், இது என்ன கூத்து? கல்யாண வாசல்ல சவப்பெட்டி வண்டி, சக்கரத்துக்குப் பூசை, ஒனக்கென்ன பைத்தியமா? எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

வண்டியிலிருந்து இறங்கிய லம்துவன், ஓட்டி வந்த பழக்கத்தில் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து போல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது ஹெங் அண்ணன்.

"போன குலுக்கல்ல 98 குடுத்த சக்கரம்யா இது."

"எந்தச் சக்கரம்?"

"போன்ல எல்லாருக்கும் படம் வந்துச்சே, புவாயாய் சக்கரம். இதான் அது."

புன்மாவின் முகம் மாறிய வேகத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தின் தப்பட்டை சட்டென்று நின்றது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் தப்பட்டையைத் தோளில் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சீர்த் தட்டு தூக்கி வந்தவர்கள் தட்டோடு வந்தார்கள். வாழைக்கன்றோடு ஒருவன் வந்தான். நடுத்தெருவில் மாப்பிள்ளை மட்டும் பூங்கொத்தோடு தனியாக நின்றான். புன்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான், பட்டு வேட்டியைத் தூக்கிச் சொருகினான், என் கையிலிருந்த பவுடர் டப்பாவைப் பிடுங்கினான், முழங்கால் போட்டு உட்கார்ந்தான். நெற்றி டயரில் இடிக்கக் கும்பிட்டான். பின்னால் இன்சூரன்ஸ்காரி போனை நீட்டிப் படமெடுத்தாள்.

"லம்துவன், எது மேல்பக்கம்?" என்று கீழே இருந்தபடியே கேட்டான். எண் பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருந்தது. தெய்வம் எங்கள் வழக்கைத் தீர்க்கவில்லை.

லம்துவன் அவன் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தாள். "அவசரமில்ல, நல்லா கும்புடுய்யா," என்றாள்.

அவன் இரண்டையும் வாங்கினான் என்பதையும், செவ்வாய்க்கிழமை 86உம் வரவில்லை, 98உம் வரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நானும் இரண்டையும் வாங்கியிருந்தேன், அந்தப் பேச்சு வேண்டாம்.

தப்பட்டை நின்றுபோனதைக் கேட்டுப் பைலின் வெளியே வந்தாள். வெளிர் மஞ்சள் பட்டு, தலை நிறையப் பூ. அப்பா தரையில் விழுந்து கிடப்பதை ஒரு பார்வை பார்த்தாள், தாண்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். லம்துவன் நிமிர்ந்து நின்றாள்.

"பாரு. மூணும் புதுசு மாதிரி. நாலாவதையும் பண்ணிருப்பேன், இவங்க விடல," என்றாள். "இனிமே ஒனக்கு வெக்கமா இருக்காதுல்ல?"

"எதுக்கும்மா வெக்கம்?"

"நீதானே சொன்ன. அந்த வண்டியில வராதன்னு."

பைலின் அம்மாவை முறைத்தாள். "பிரேக்கும்மா. அந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்காதும்மா. போன தடவ நான் எடுத்துட்டுப் போய் அடுத்த வீட்டு வேலியில விட்டேனே, மறந்துட்டியா? நீ வழியில எங்கயாவது கரும்பு லாரிக்கு அடியில போயிட்டீன்னா, என் கையில யாரு கயிறு கட்டி ஆசீர்வாதம் பண்ணுவா? அதத்தான் சொன்னேன். அத்தனையும் சொன்னேன். மூச்சு விடாம சொன்னேன்."

"நான் கேக்கல."

"எங்க கேட்ட? கிரைண்டர ஆன் பண்ணிட்ட. அதுக்கப்புறம் போனும் எடுக்கல." பைலின் பளபளக்கும் சக்கரத்தைக் காட்டினாள். "இத்தன நாளு சக்கரத்தத் தேய்ச்சியே, அந்தப் பிரேக்க மாத்தினியாம்மா?"

லம்துவன் என்னைப் பார்த்தாள். நான் வாழைக்கன்றைப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து வந்த அத்தனை பேரும், தாங்கள் வந்த வழியை இப்போதுதான் ஒவ்வொரு வளைவாக நினைத்துப் பார்த்தார்கள் போலிருந்தது.

"மாத்தல," என்றாள் லம்துவன்.

பைலின் குனிந்து, அம்மாவின் இடுப்பில் தொங்கிய வண்டிச் சாவியை உருவித் தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "மெக்கானிக் வந்து பாக்குற வரைக்கும் நீ எங்கயும் போகல. இங்கதான் இருக்க. என்கூட."

லம்துவன் மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். போல்ட்டைத் தொட்ட கை, டயர்க் கரி, பவுடர், தங்கத் தாள், எல்லாம் அந்தக் கையில் இருந்தது. யாரோ "பட்டு, பட்டு" என்றார்கள். அவள் காதில் விழவில்லை. விலகியபோது பைலினின் முதுகில் பத்து விரலும் கறுப்பாக, அங்கங்கே தங்கப் பொட்டோடு பதிந்திருந்தது. மாற்றுப் பட்டு எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரி ஓடி வந்தாள். பைலின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே உள்ளே போய், கயிறு கட்டுவதற்கு அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.